பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கும் உரிமை உண்டு

2002 ஜூலையில் ஹம் நகரின் ஊன்ட்ரோப் தொழிற்பேட்டையில் காமாட்சி அம்பாள் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. ஜேர்மனித் தமிழர் பலர் அந்த மாதத்தை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அடுத்த மாதம் முதலாம் தேதி இந்த நாட்டில் இன்னொன்றும் நடந்தது. அதைத் தமிழர்களில் கவனித்தவர்கள் மிகக் குறைவு. காசு கொடுக்காமல் ஒருவருடைய காரில் ஏறிப் போனவர் விபத்தில் காயப்பட்டால், யார் பிழை என்று பாராமலே அந்தக் காரின் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2002 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. அம்பாள் திருவிழாவுக்கு ஏ-2 நெடுஞ்சாலையில் வருகிற கார்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தமிழரின் கார் வெறுமையாக ஓடுவதில்லை. அத்தான் ஓட்டுவார், பக்கத்தில் அக்கா, பின்னால் மாமியும் இரண்டு பிள்ளைகளும். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, செத்த வீடு எதுவானாலும் இப்படித்தான். ஆக, ஒரு விபத்தில் காயப்படும் தமிழர்களில் ஓட்டியவரைவிட உட்கார்ந்து வந்தவர்களே அதிகமாக இருக்க இடமுண்டு. நட்டஈடு கேட்கத் தயங்குகிறவர்களும் அவர்களே. “அத்தானுக்கு மேல கேஸ் போடுறதோ?” என்ற ஒரு கேள்வியோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அந்தக் கேள்வியே பிழையான இடத்தில் நிற்கிறது. ஜேர்மனியில் காயப்பட்டவர் வாகனத்தின் காப்புறுதி நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்கலாம். காப்புறுதி ஒப்பந்தச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கிறது. பணம் அத்தானுடைய பையிலிருந்து போவதில்லை. ஒவ்வொரு வாகனத்துக்கும் கட்டாயக் காப்புறுதி இருக்க வேண்டும். உடற்காயத்துக்கு அது குறைந்தது 75 லட்சம் யூரோ வரை பொறுப்பேற்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அத்தானின் வருடக் கட்டணம் ஏறத்தான் செய்யும். ஆனால் அது எத்தனை விபத்து என்பதைப் பார்த்து ஏறுவது, எவ்வளவு பணம் போனது என்பதைப் பார்த்து அல்ல. எதிரே வந்த காரின் சேதத்துக்கு ஏற்கெனவே அவருடைய காப்புறுதி பணம் கட்டியிருந்தால், அதே விபத்துக்காக அக்காவும் மாமியும் கேட்பதால் அவருக்கு மேலதிகமாக ஒரு சதமும் கூடாது. இதைத் தெரியாமல் கையெலும்பு முறிந்தவர்கள் வாய் மூடி இருப்பது வேதனையான விஷயம்.

இந்த உரிமை வந்த வழி நீண்டது. 1909-இல் ஜேர்மனியின் முதல் மோட்டார் வாகனச் சட்டம், தெருவில் நடந்து போனவரைக் கார் மோதினால் பிழையைப் பாராமல் உரிமையாளரைப் பொறுப்பாக்கியது. வண்டிக்குள் இருந்தவரை மட்டும் விட்டுவிட்டது. தெரிந்தே ஏறினவர் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டவர் என்பது அக்கால எண்ணம். பின்னாளில் வாடகைக் கார், பஸ் போன்ற கட்டணப் பயணிகளுக்கு அந்தப் பாதுகாப்பு வந்தது. ஓசியில் ஏறிய நண்பருக்கும் உறவினருக்கும் வர 2002 ஆக வேண்டியிருந்தது. அதுவரை, சொந்த மச்சான்தான் கவனக்குறைவாக ஓட்டினார் என்று காட்டினால்தான் அவருடைய காப்புறுதியிடமிருந்து பணம். உறவு கெடும் என்ற பயத்துக்கு அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது, இன்று இல்லை. வலிக்கான பணம், அதாவது ஷ்மெர்ட்சன்ஸ்கெல்ட், பிழை நிரூபிக்கப்படாத வழக்கிலும் கிடைக்கும் என்பதும் அதே திருத்தத்தோடுதான் வந்தது.

இரண்டு கார்கள் மோதியிருந்தால் பயணிக்கு இன்னும் வசதி. இரு ஓட்டுநர்களும் யார் பிழை என்று வருடக்கணக்கில் இழுபடலாம். பயணி அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டில் எந்தக் காப்புறுதியிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். அவர்கள் தங்களுக்குள் பிறகு பங்கு பிரித்துக்கொள்ளட்டும். கணவன் ஓட்டி மனைவி காயப்பட்டாலும் இதே கதைதான். வீட்டு விஷயங்களில் தம்பதிகளுக்கிடையே உள்ள கவனக்குறைவுச் சலுகை வீதிக்குப் பொருந்தாது என்று கார்ல்ஸ்ரூவேயிலுள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1970-லேயே சொல்லிவிட்டது.

சொந்தக் காரைத் தம்பியிடம் ஓட்டக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரும், தம்பியின் கவனக்குறைவால் காயப்பட்டால், தன் காயத்துக்காகத் தன் சொந்தக் காப்புறுதியிடமே கேட்கலாம். கார் நெளிந்ததற்குக் கேட்க முடியாது, உடம்புக்குக் கேட்கலாம்.

என்னென்ன கேட்கலாம்? மருத்துவச் செலவைப் பெரும்பாலும் சுகாதாரக் காப்புறுதி பார்த்துக்கொண்டு, பிறகு அது தானே வாகனக் காப்புறுதியிடம் வசூலித்துக்கொள்ளும். முதல் ஆறு வாரம் முதலாளி சம்பளம் தருவார். அதற்குப் பிறகு வருகிற நோய்ப்பணம் சம்பளத்தைவிடக் குறைவு. அந்த வித்தியாசத்தைக் கேட்கலாம். மருந்துக்கான சொந்தப் பங்கு, வைத்தியரிடம் போய்வந்த செலவு, சட்டத்தரணியின் கட்டணம் எல்லாம் கணக்கில் சேரும். எதிர்த்தரப்புப் பொறுப்பு எந்த அளவுக்கோ அந்த அளவுக்குச் சட்டத்தரணியின் செலவும் அவர்கள் தலையில்தான்.

நம் பெண்கள் கேட்காமலே விடுவது வீட்டு வேலைக்கான நட்டஈடு. வலது முன்கை முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். தேங்காய் துருவ முடியாது, புட்டுக்கு மா குழைக்க முடியாது, பிள்ளையின் தலை வார முடியாது, ஆல்டியிலிருந்து பை தூக்கி வர முடியாது. சமைப்பது மகளோ அயல்வீட்டு அன்ரியோ. ஒரு சதமும் கைமாறவில்லை. ஆனாலும், கூலிக்கு ஆள் வைக்காவிட்டாலும், விபத்தால் செய்ய முடியாமல் போன வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் மதிப்புப் போட்டுத் தர வேண்டும் என்பது இங்குள்ள நீதிமன்றங்களின் நிலையான நிலைப்பாடு. அதற்குத் தேவை ஒரு கொப்பி. எந்தத் தேதியில் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, யார் செய்தார், எத்தனை மணி நேரம் என்று தமிழிலேயே எழுதி வைத்தால் போதும், பிறகு மொழிபெயர்க்கலாம். சில மாதக் காயத்திலும் இது வலிப்பணத்தைத் தாண்டிவிடக்கூடும்.

வலிக்கு விலைப்பட்டியல் கிடையாது. வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, 13 முறையாக மொத்தம் 500 நாள் மருத்துவமனைகளில் கிடந்த ஒருவருடைய வழக்கு இதைக் காட்டுகிறது. முதல் நீதிமன்றம் 1,00,000 யூரோ கொடுத்தது. பிராங்ஃபர்ட் உயர் நீதிமன்றம், தீவிர சிகிச்சையில் ஒரு நாளுக்கு இவ்வளவு, சாதாரண வார்டில் இவ்வளவு என்று நாள் கணக்குப் போட்டு அதை 2,00,000 ஆக்கியது. 2022 பெப்ரவரி 15 அன்று கார்ல்ஸ்ரூவே அந்த நாள் கணக்கை ஏற்கவில்லை; காயம் அந்த மனிதரின் வாழ்க்கையை என்ன செய்தது என்பதை முழுமையாகப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும் என்றது. ஆகவே சொல்லாத வலிக்குப் பணம் இல்லை. இரவில் தூக்கம் வராததும், காரில் ஏறவே நெஞ்சு படபடப்பதும் வைத்தியரின் கோப்பில் பதிவாக வேண்டும்.

கழுத்து வலியும் அப்படித்தான். பின்னாலிருந்து மெதுவாக இடித்த விபத்துகளில், வேகமாற்றம் இவ்வளவுக்குக் கீழே என்றால் கழுத்துக்குக் காயமே வராது என்று காப்புறுதிகள் நெடுங்காலம் வாதாடின. அப்படி ஒரு கறாரான எல்லை கிடையாது, ஒவ்வொரு வழக்கையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்று 2003 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் நான்கு நாள் பனடோல் போட்டுப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் வைத்தியரிடம் போகிறவருக்கு அந்தத் தீர்ப்பு பெரிதாக உதவாது. அன்றே போக வேண்டும்.

பணம் குறையும் இடங்களும் உண்டு. பெல்ட் போடாமல் இருந்தால் அந்தக் காயத்தில் பயணிக்கும் பங்கு உண்டு என்பது 1979 முதல் உறுதியான சட்டம். பார்ட்டியில் குடித்தவர் என்று தெரிந்தே அவருடைய காரில் ஏறியவருக்கும் தொகை வெட்டுப்படும். பின் இருக்கையில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு, நடுவில் ஒரு பிள்ளையை மடியில் வைத்துப் போகும் நம் பழக்கத்துக்கு இந்தச் சட்டம் எந்த இரக்கமும் காட்டாது, காட்டவும் கூடாது.

வேலைக்குப் போகிற வழியில் நடப்பது வேறு கணக்கு. கூட வேலை செய்பவரின் சொந்தக் காரில் தொழிற்சாலைக்குச் சேர்ந்து போகும்போது விபத்தானால், தொழில் விபத்துக் காப்புறுதியும் உண்டு, ஓட்டியவரின் வாகனக் காப்புறுதியிடம் வலிப்பணமும் உண்டு. அதே ஆட்களைக் கம்பெனியின் சிறு பஸ் ஏற்றிக்கொண்டு போய் விபத்தானால், அது கம்பெனி வேலையின் ஒரு பகுதி. தொழில் விபத்துக் காப்புறுதி சிகிச்சையும் ஓய்வூதியமும் தரும், ஆனால் ஓட்டிய சக தொழிலாளியிடமும் முதலாளியிடமும் வலிப்பணம் கேட்க முடியாது. துப்புரவு வேலைக்கு விடியற்காலை வானில் போகிற நம்மவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எதிரே வந்த அந்நியருடைய கார் பிழை என்றால், அந்தக் காரிடம் கேட்கும் உரிமை அப்போதும் இருக்கும்.

ஊரோடு ஒப்பிட்டால் இங்குள்ளது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது விளங்கும். இந்தியாவில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ‘தேர்ட் பார்ட்டி’ பாலிசி மட்டும் இருந்தால், ஓசியில் பின்னால் ஏறியவருக்குக் காப்புறுதி பொறுப்பல்ல என்று 2006-இல் திலக் சிங் வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. முழு பாலிசி எடுத்திருந்தால்தான் நிலைமை வேறு. அந்த நினைவோடு இங்கே வந்தவர்கள், இங்கும் அப்படித்தான் என்று இருந்துவிடுகிறார்கள்.

கடைசியாக அந்த ஒற்றைத் தாள். சில மாதத்தில் காப்புறுதியிடமிருந்து மரியாதையான கடிதம் வரும். நடுவில் ஒரு தொகை தடித்த எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், இந்த விபத்தால் வந்த, இனி வரப்போகும், தெரிந்த, தெரியாத எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் தீர்ந்தன என்ற கருத்தில் ஒரு வாக்கியம். ‘அப்ஃபின்டுங்’ என்ற சொல் தலைப்பில் இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். கையெழுத்துப் போட்டபின் ஐந்து வருடம் கழித்து முழங்கால் தேய்ந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. போக்குவரத்துச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் முதலில் காட்டுங்கள், எதிர்காலப் பாதிப்புக்கு இடம் விட்டு எழுதக் கேளுங்கள்.

பழைய விபத்து ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் இன்றே தேதியைப் பாருங்கள். வழக்கமான காலக்கெடு, விபத்து நடந்த வருடம் முடிந்ததிலிருந்து மூன்று வருடம். 2024-இல் காயப்பட்டவருக்கு அது 2027 டிசம்பர் 31.