'போதை ஊசி' செய்திகளில் விடுபடுவது என்ன?

'தாம்பரம் அருகே போதை மாத்திரை விற்ற இளைஞர்கள் கைது.' கூடவே மேசையில் அடுக்கிய மாத்திரை அட்டைகள், ஊசிகள் படம். அதோட செய்தி முடிஞ்சுடும். ஆனா, அதே பழக்கத்துல சிக்கின பிள்ளை நம்ம வீட்டில் இருந்தா?

ஊசியில் என்ன ஆபத்து?

வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றினால், கரையாத துகள்கள் ரத்தக்குழாயைக் கெடுக்கும், சீழ் பிடிக்கும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி பரவும்.

அரசே ஊசி தருதா?

ஆமாம். பழக்கத்தை உடனே விட முடியாதவர்களுக்குப் புது ஊசி, ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரை இரண்டும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் உள்ளவை. நோயைத் தடுத்து, அவரைச் சிகிச்சைப் பக்கம் கொண்டு வருவதே நோக்கம்.

சிகிச்சைக்குப் போனா வழக்கு வருமா?

1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கு. பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் விலக்கு உண்டு.

தாம்பரத்துக்கு இது புதுசா?

எச்ஐவி என்றாலே ஊர் ஒதுங்கிய 1993-லேயே, நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை. 2004-ல் இலவச கூட்டு மருந்தும் வந்தது. மிரட்டலை விட, 'இங்கே மருந்து இருக்கு' என்ற தகவல்தான் ஆட்களை மருத்துவமனைக்கு வரவைக்கும்.

கைது செய்தியோட கடைசியில் ஒரு வரி போதும்: போதை மீட்பு உதவி எண் 14446.