சுவரில் ஒட்டிய அடையாள அட்டை இலக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புயல் வெள்ள நிவாரணம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று நிறையவே எழுதிவிட்டீர்கள். கிடைத்தவர்கள் படும் பாட்டையும் கொஞ்சம் எழுதுங்கள்.

மன்னார் தீவில் எங்கள் பக்கத்து அலுவலகமொன்று பயனாளிகள் பட்டியலை வெளிச்சுவரில் ஒட்டியது. பெயரோடு அடையாள அட்டை இலக்கம், கைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், கடைசியில் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்ற குறிப்பு வேறு. அன்று மாலையே யாரோ படமெடுத்து ஊர் வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டார்கள். ஆண் துணையில்லாத வீடு எது, எந்த இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதை அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்துவிட்டது. வயதும் மறையாது. புதிய அடையாள அட்டையின் முதல் நான்கு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றில் பிறந்த நாள், பெண்ணென்றால் 500 கூட்டியிருக்கும்.

அந்தப் பட்டியலில் பெயருள்ள என் தங்கைக்கு இப்போது இரவில் அழைப்புகள் வருகின்றன. ஒருவன் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கணக்கு இலக்கத்தைப் பிசகாமல் ஒப்புவித்து, "போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கோ அக்கா" என்றானாம். மற்றவர்கள் கேட்டவற்றை இங்கே எழுத முடியாது.

முறையிடப் போனால் "வெளிப்படைத்தன்மை" என்கிறார்கள். ஊழலைத் தடுக்கப் பெயரும் கிராமமும் போதாதா? வங்கிக் கணக்கு இலக்கம் எந்த ஊழலைப் பிடிக்கும்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே, பொது நலனுக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட விபரத்தைக் கொடுக்க மறுக்கலாம் என்கிறது. அலுவலகத்தாரைக் கேட்டால் படமெடுத்தவன்தான் குற்றவாளியாம். ஒட்டியவர் யார் ஐயா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, புத்தகத்தில். மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் என்றும் எழுதியிருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவேண்டியவை. அந்த நாள் வருமுன்பே ஒத்திவைத்தார்கள். பிறகு திருத்தம் கொண்டுவந்து, திகதியை அமைச்சரின் வர்த்தமானிக்கு விட்டார்கள். ஆனால் நாங்கள் இணையத்தில் என்ன பேசலாம் என்று சொல்லும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு இந்தத் தாமதம் இருக்கவில்லை. 2024 ஜனவரி 24இல் நிறைவேறி, பெப்ரவரி 1இல் சபாநாயகரின் கையெழுத்தும் விழுந்துவிட்டது. எங்கள் வாயை மூடுவதென்றால் கொழும்புக்கு ஒரு கிழமை போதும்.

இதே அரசாங்கம்தான் விரல் அடையாளம், முகம் எல்லாம் பதிந்து டிஜிட்டல் அடையாள அட்டை தரப்போகிறதாம். ஒரு தாளைப் பத்திரமாக வைக்கத் தெரியாதவர்களிடம் இனி விரலையும் நீட்ட வேண்டும்.

மாவட்டச் செயலாளரிடம் கேட்பது ஒன்றுதான். சுவர்களில் இன்னமும் தொங்கும் பட்டியல்களை உடனே கழற்றச் சொல்லுங்கள்; இனி ஒட்டுவதென்றால் பெயரும் கிராமமும் மட்டும் இருக்கட்டும். இதற்கு எந்த வர்த்தமானியும் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்.