சாய்ந்த சாமி

திருப்பனந்தாள் கோயில். சேலை நழுவி, மாலை சாத்த முடியாமல் தவித்த தாடகைக்காகச் சிவலிங்கமே தலை சாய்த்த ஊர். சந்நிதியில் மனைவி கிசுகிசுத்தாள்: "அத்தை டெஸ்டுக்கு வரமாட்டாங்களாம். வெட்கமாம்!"

எங்க பெரியம்மா வெட்கப்பட்டே போய்ச் சேர்ந்தவள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.

காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். 1983-ல் ஜெர்மனியின் ஸுர் ஹாசன் குழு கட்டியில் அதன் டி.என்.ஏ.வைப் பிடித்தது, 2008-ல் அவருக்கு நோபல். செல்லுக்குள், வைக்கோல் போரில் ஊசி மாதிரி, அதைத் தேடுவதே டெஸ்ட். மகாராஷ்டிர உஸ்மானாபாத் கிராமங்களில் ஒரே முறை செய்ததில், எட்டு வருஷத்தில் சாவு ஏறக்குறைய பாதியானது என்றது 2009 ஆய்வு.

"இப்ப சின்ன பிரஷ்ஷால நீங்களே மாதிரி எடுத்துக்கலாம் அத்தை" என்றாள் மனைவி.

அம்மா சிரித்தாள். "அப்ப சாமி மறுபடி சாஞ்சிருக்குன்னு சொல்லு!"