ஈரச் சுவரும் புதுப் பூச்சும்

லேவியர் ஆகமம் 14-ஆம் அதிகாரத்தில், வீட்டுச் சுவரைப் பற்றும் நோய்க்கும் சட்டம் உண்டு. பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறை தோன்றினால், வீட்டுக்காரன் குருவுக்கு அறிவிக்க வேண்டும். குரு அவ்வீட்டை 7 நாள் பூட்டிவைப்பார். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, உட்சுவரைச் சுரண்டி, வேறு கல் வைத்துப் புதுச் சாந்து பூச வேண்டும். குருமடத்தில் இதைப் படித்தபோது, குருவுக்கும் கொத்து வேலைக்கும் என்ன உறவு என்று நகைத்தோம்.

இரு பருவமழையும் பெய்யும் குமரி மண்ணில், கருங்கல்லாலான பழைய பங்கு இல்லமொன்றில் குடியேறியபின் அந்நகைப்பு அடங்கிற்று. திருவிழா நெருங்குகிறதென்று, ஈரம் கசிந்த சுவரின்மேல் அவசரமாகச் சிமெண்டு பூசச் செய்தோம். திருவிழாவன்று சுவர் பளபளத்தது. அடுத்த மழை முடியுமுன் பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழுந்தது.

முதிய கொத்தனார் ஒருவர் தட்டிப் பார்த்து, "சாமி, சுவருக்கு மூச்சு முட்டுது" என்றார். தரையின் ஈரம் கற்களின் இடைச்சாந்து வழியே ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அதை மெல்ல வெளியே விடும். சிமெண்டோ உள்ளே அடைத்துவிடும்.

அவர் முதலில் சாந்தைத் தொடவேயில்லை. வெளிச்சுவரோரம் குவிந்த மண்ணை அகற்றினார். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி செய்தார். சிமெண்டைக் கொத்தியெடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டார். பின்னரே சுண்ணாம்புச் சாந்தை, ஒன்று இறுகியபின் ஒன்றாக, மெல்லிய பூச்சுகளாகப் பூசி, வெடிக்காதிருக்க நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டார். சுண்ணாம்பு வெறுமனே உலர்ந்து கெட்டியாவதன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. சுவர் நீரில் ஊறிக்கிடந்தால் அவ்வாயு உட்புகாது. விரைந்து காய்ந்தாலோ பூச்சு பொடியாகும். அது முற்ற மாதங்கள் பல ஆகும்.

இதே அவசரத்தை நாம் ஒரு குடும்பத்திலும் காட்டினோம். பேச்சற்றிருந்த அண்ணன் தம்பியரை, வீட்டுத் திருமணத்தின் முன்தினம் கைகோத்து நிற்கச் செய்து, சமாதானமாயிற்று என மகிழ்ந்தோம். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று கேட்கவில்லை. ஆண்டு திரும்புமுன் அப்பூச்சும் விழுந்தது. தாயின் மருத்துவச் செலவை யார் சுமந்தார் என்பதே அடி ஈரம் என்பதை, இருவரையும் தனித்தனியே அமர்ந்து கேட்டபின்பே அறிந்தோம். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம், சுவர் காய்ந்து வருகிறது.

அன்புக்குரிய குடும்பங்களே, உங்கள் இல்லத்தில் கறை தோன்றினால் வெள்ளையடித்து மறைக்காதீர்கள். ஈரம் வரும் வழியைத் தேடி அடையுங்கள், காயக் காலம் கொடுங்கள், பிறகு பூசுங்கள். பொறுமையோடு பூசிய மன்னிப்பை, இறைவன் தம் மூச்சுக்காற்றால் கல்லாக்குவார்.