கழற்றி வைத்த கல்யாணம்

படத்தில் அவர் தோள்மீது வளையல் போட்ட ஒரு கை கிடக்கிறது. கைக்குரிய பெண்ணை வெட்டியாகிவிட்டது. விரல்களை வெட்ட மறந்துவிட்டார் கணவர். கீழே 'சிங்கிள்' என்று போட்டிருக்கிறார். டேட்டிங் செயலிகளில் இந்த ரகம் புதிதல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க மாட்டார். வீடு எங்கே என்றால் பேச்சு வேறு பக்கம் போகும். எதிர்முனையில் இருப்பவருக்கு விஷயம் புரிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். புரிந்து கேட்டால், 'நீ கேட்கவே இல்லையே' என்று ஒரு பதில்.

பச்சைப் புரட்டு இது. தாலியும் மெட்டியும் பெண்ணைக் காட்டிக்கொடுக்கும். ஆணுக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்த வசதியில் குளிர்காய்ந்துகொண்டு, உண்மையைத் தோண்டியெடுக்கும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டுவது அயோக்கியத்தனம். கல்யாணத்தை மறைக்கும் பெண்ணுக்கும் இந்தக் கண்டனம் பொருந்தும்.

பிறர்மனை உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததைச் சிலர் கேடயமாகத் தூக்குகிறார்கள். மனைவியைக் கணவனின் உடைமையாக நினைத்த சட்டம் அது. ஒழிந்ததில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் நீதிமன்றம் சிறையைத்தான் எடுத்தது. விவாகரத்துக்குப் பிறர்மனை உறவு இன்றும் காரணம்தான். கணவனும் மனைவியும் அறிந்து, ஒப்பி, எப்படி வாழ்ந்தாலும் அது அவர்கள் பாடு. மூன்றாவதாக ஒருவரை இருட்டில் நிறுத்துவதைத்தான் கண்டிக்கிறோம்.

செயலி நிறுவனங்கள் கை கழுவ முடியாது. செல்ஃபி எடுக்கச் சொல்லி அவை தரும் டிக், முகமும் படமும் ஒன்று என்று சொல்லும். வீட்டில் மனைவி இருப்பதைச் சொல்லாது. திருமணமானவர்களுக்கென்றே கனடாவில் தொடங்கப்பட்ட ஆஷ்லி மேடிசன் தளத்தை 2015இல் ஹேக்கர்கள் உடைத்தபோது, கணக்கை அடியோடு அழிக்க 19 டாலர் வாங்கிக்கொண்டும் விவரங்களை அழிக்காமல் வைத்திருந்தது வெளிவந்தது. பெண்கள் பெயரில் நிறுவனமே நடத்திய போலிக் கணக்குகளும் அம்பலமாயின. மனைவியை ஏமாற்ற வந்தவனிடமே காசு வாங்கி அவனையும் ஏமாற்றிய கெட்டிக்காரத்தனம்!

சரிபார்ப்பது நடக்காத காரியமா? டோக்கியோ பெருநகர அரசு 2024இல் தொடங்கிய ஜோடி தேடும் செயலியில், திருமணமாகாதவர் என்ற சான்றிதழ் கொடுத்து, நேர்காணலும் முடித்தால்தான் உள்ளே நுழையலாம். தமிழ்நாட்டிலும் அப்படியொரு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

திருமணத் தகவல் தளங்களுக்கு மத்திய அரசு 2016இலேயே நெறிமுறை வகுத்தது. பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கவும், 'இது டேட்டிங் தளமல்ல' என்று அறிவிக்கவும் சொன்னது. டேட்டிங் தளங்களை அப்படியே விட்டுவிட்டது. அந்த ஓட்டையை மின்னணு அமைச்சகம் இப்போதாவது அடைக்க வேண்டும். மண நிலையைச் சொல்லாமல் எந்தக் கணக்கும் திறக்கக் கூடாது. 'சிங்கிள்' என்று போடுபவரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும். சான்றிதழ் காட்டியவருக்குத் தனி அடையாளம் தர வேண்டும். பொய்யென்று நிரூபணமானால் கணக்கை முடக்குவதோடு நிற்காமல், அவரோடு பேசிக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் அன்றே காரணத்தோடு செய்தி போக வேண்டும்.