வலப்பக்கத்து ஆசனம்

ஆகாய விமானம் ஓட்டும் உத்தியோகத்தைப் பற்றி நமது ராயகிரிப் பக்கத்திலும் இப்பொழுது விசாரணை பலமாக நடக்கிறது. மேற்கே மலையும் சுற்றிலும் வயலும் தோப்புமாக இருக்கும் இந்தப் பிரதேசத்தில், ஒரு பிள்ளை கணக்கிலும் பௌதிகத்திலும் நல்ல மார்க்கு வாங்கிவிட்டால் முன்பெல்லாம் டாக்டர், இஞ்சினீயர் என்ற இரண்டே வார்த்தைகள்தாம் காதில் விழும். இப்பொழுது மூன்றாவதாகப் 'பைலட்' என்ற வார்த்தையும் சேர்ந்திருக்கிறது. பையனுக்கு மட்டுமன்று, பெண்ணுக்கும். தகப்பனார் நிலத்தை அடகு வைப்பதா, வீட்டை வைப்பதா என்று யோசிக்கிறார். தாயாரோ, "அவ்வளவு உயரத்திலே போய்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் நிறுத்திக்கொள்கிறார்.

இந்த ஆசை வானத்திலிருந்து குதித்ததன்று. தூத்துக்குடிக்கு அருகே வாகைக்குளத்தில் இருக்கும் விமான நிலையத்தின் ஓடுபாதை நெடுங்காலம் 1,350 மீட்டர் நீளந்தான் இருந்தது. அதில் வந்து இறங்கக்கூடியவை விசிறி வைத்த சிறு விமானங்களே. 2025 ஜூலை 26-ஆம் தேதி அங்கே புதிய நிலையம் திறக்கப்பட்டபொழுது ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருந்தது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய ஊர் தூத்துக்குடி. வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியாக நம்மவர் கப்பல் விட்ட அந்த ஊருக்கு நமது பிள்ளைகளே விமானம் ஓட்டிவந்து இறங்க வேண்டுமென்று பெற்றோர்கள் விரும்பினால், அந்த விருப்பத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். நமக்கு உள்ள கவலை வேறு. எல்லோரும் லைசென்ஸ் வாங்கும் வரையில்தான் கணக்குப் போடுகிறார்கள். லைசென்ஸுக்குப் பிறகு கம்பெனி கொடுக்கும் பயிற்சி என்ன, அதிலே பிள்ளை என்ன பாடு படும் என்று கேட்பார் இல்லை. இந்த வாரம் அதைப் பற்றி எழுத உத்தேசம்.

முதலில் லைசென்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இந்தியாவில் முதன்முதலாக விமானி லைசென்ஸ் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா, தேதி 1929 பிப்ரவரி 10. அவர் காலத்தில் ஒரு சில மணி நேரம் பறந்து காட்டினால் போதுமாயிருந்தது. இன்று வியாபார விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே தலைவனாக இருந்து ஓட்டியிருக்க வேண்டும். 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு தூரப் பிரயாணமும் செய்திருக்க வேண்டும். வழி அறிதல், வானிலை, சட்ட திட்டங்கள் முதலிய பரீட்சைகளில் நூற்றுக்கு 70 மார்க்கு வாங்கினால்தான் தேறுதல். ஆங்கிலப் பேச்சுக்கும் சர்வதேச அளவில் நாலாம் நிலை என்று ஒரு தேர்வு உண்டு. தமிழில் படித்த பிள்ளைகள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அங்கே கேட்பது இலக்கிய ஆங்கிலம் அன்று. சொன்னதைப் பிசகின்றி வாங்கிக்கொண்டு, அதையே பிசகின்றித் திருப்பிச் சொல்லும் ஆங்கிலந்தான்.

இந்த 200 மணி நேரத்தையும் பிள்ளை பெரும்பாலும் நாலு பேர் உட்காரும் சிறு விமானத்தில் கழித்திருக்கும். சட்டப்படி அதே பிள்ளை, கம்பெனியின் பயிற்சியை முடித்துவிட்டால், எழுபதுக்கு மேற்பட்ட பிரயாணிகள் ஏறிய 'ஏ.டி.ஆர். 72' விமானத்தில் வலப்பக்கத்து ஆசனத்தில் துணை விமானியாக அமரலாம். இடப்பக்கத்து ஆசனம் காப்டனுடையது. அதை அடைவதற்கு 1,500 மணி நேர அனுபவமும் மேல்நிலை லைசென்ஸும் வேண்டும்.

200 மணி நேரம் போதுமா என்று நேயர்கள் கேட்கலாம். அமெரிக்காவில் இந்தக் கேள்வி பெரிதாகக் கிளம்பியது. 2009 பிப்ரவரி 12-ஆம் தேதி இரவு, பஃபலோ நகருக்கு அருகே ஒரு பிராந்தியக் கம்பெனியின் விமானம் விழுந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் மாண்டார்கள். வேகம் மிகவும் குறைந்துவிட்டது என்று விமானம் எச்சரித்தபொழுது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய காப்டன் மேலே இழுத்தார். துணை விமானியோ முதல் நாள் இரவெல்லாம் கண்டத்தின் மறுகோடியிலிருந்து பிரயாணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். இதன் பிறகு, 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை என்று விதி செய்தார்கள். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. விழுந்த விமானத்தில் இருந்த இருவருமே 1,500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள்! ஐரோப்பாவிலும் நமது நாட்டிலும் அந்த விதியை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்படியானால் 200 மணி நேரத்துக் குழந்தைக்கும் எழுபது பிரயாணிகளுக்கும் நடுவில் நிற்பது கம்பெனியின் பயிற்சியும், அதைச் சோதித்துக் கையெழுத்திடும் பரீட்சகருந்தான்.

அந்தப் பயிற்சி வகுப்பறையில் தொடங்குகிறது. மின்சாரம், எரிபொருள், பனியைக் கரைக்கும் ஏற்பாடு, சக்கரங்களை ஏற்றி இறக்கும் யந்திரம் என்று விமானத்தின் ஒவ்வோர் உறுப்பையும் சில வாரங்களுக்குள் மூளையில் ஏற்றிவிடுகிறார்கள். அதன் பின் விமானியறையின் படத்தை முழு அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அதன் முன் நாற்காலி போட்டு, எந்த விசையை எப்பொழுது தொடுவது என்று இரண்டு பேராக உட்கார்ந்து அபிநயம் பிடிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிறு பிள்ளைகள் மரப்பாச்சி வைத்து விளையாடுவது போலத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சுவர்ப் பயிற்சியைச் சோம்பலால் விட்டவன் அடுத்த கட்டத்தில் கட்டாயம் திண்டாடுவான்.

அடுத்த கட்டம் 'ஸிமுலேட்டர்'. விமானியறை ஒன்றை அப்படியே செய்து, நீண்ட கால்களின் மேல் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே பொய்யான வானத்தையும் பொய்யான ஓடுபாதையையும் காட்டுகிறார்கள். குலுக்கல், சாய்வு, இரைச்சல் எல்லாம் மெய் போலவே இருக்கும். பெரும்பாலும் ஒரு வேளைக்கு நான்கு மணி நேரம். இந்த யந்திரங்கள் விலையுயர்ந்தவை. இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகின்றன. ஆகவே, "உனக்கு முறை நடுநிசி இரண்டு மணிக்கு" என்று சொன்னால் பிள்ளை ஆச்சரியப்படக் கூடாது. தூக்கக் கண்ணோடு உள்ளே போனதும், ஓடுபாதையை விட்டு எழும்பும் அந்தக் கணத்தில் ஆசிரியர் பின்னாலிருந்து ஒரு பொத்தானை அமுக்குகிறார். ஓர் எஞ்சின் நின்றுவிடுகிறது!

இங்கேதான் சிறு விமானத்தில் கற்ற பழக்கங்கள் காலை வாரிவிடுகின்றன. கை பரபரக்கும். எதையாவது உடனே செய்துவிட வேண்டும் போலத் தோன்றும். பயிற்சியோ, செய்யாதே என்கிறது. முதலில் விமானத்தை நேராக ஓட்டு. பாதுகாப்பான உயரத்தை அடை. பிறகு எந்த எஞ்சின் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பார்த்து 'ஆம்' என்ற பிறகே விசையில் கை வை. இது வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்கள் 2015 பிப்ரவரி 4-ஆம் தேதி தைப்பே நகரில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் ஏ.டி.ஆர். 72 விமானந்தான். எழும்பிய சற்று நேரத்தில் வலப்பக்கத்து எஞ்சின் சக்தியை இழந்தது. காப்டன் அவசரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்பக்கத்து எஞ்சினை அணைத்துவிட்டார். இருந்த 58 பேரில் 43 பேர் ஆற்றில் போனார்கள். எழும்பும் நேரத்தில் எஞ்சின் நின்றால் அந்தக் காப்டன் தடுமாறுகிறார் என்று அவருடைய ஸிமுலேட்டர்ப் பரீட்சையிலேயே குறித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் இதில் நம் நெஞ்சை உறுத்துகிற சங்கதி. பயிற்சி ஆசிரியர் உங்கள் பிள்ளையை "இன்னும் இரண்டு முறை செய்" என்று நிறுத்தி வைத்தால், பெற்றோர்கள் அவரைச் சபிக்காமல் இருக்கக் கடவர்கள்.

யந்திர விஷயத்தை விடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் விமானத்தில், ஓட்டாத மற்றவரின் வேலை கண்காணிப்பது. தவறு கண்டால் வாய் விட்டுச் சொல்வது. நம் வீடுகளில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் நாமும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறோம். மரியாதை நல்ல குணந்தான். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, தகப்பனார் வயதுள்ள காப்டனைப் பார்த்து, "ஸார், உயரம் அதிகமாக இருக்கிறது, இறங்க வேண்டாம், மறுபடி மேலே எழும்புங்கள்" என்று சொல்லியாக வேண்டும். அவர் கேட்கவில்லையானால் மறுபடியும் சொல்ல வேண்டும். அப்பொழுதும் கேட்கவில்லையானால் தானே கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும்.

2010 மே 22-ஆம் தேதி மங்களூரில் துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டி மலைச்சரிவில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் தப்பினார்கள். மறுபடி எழும்பிவிடலாம் என்று துணை விமானி மூன்று தரம் சொல்லியும் காப்டன் இறங்கினார் என்று விசாரணை அறிக்கை கூறுகிறது. சொல்வதோடு அந்தத் துணை விமானி நின்றுவிட்டார். ஆகவே இப்பொழுது எந்த நிலையில், எந்த வார்த்தைகளால், எத்தனை தரம் எச்சரிப்பது, எப்பொழுது கையை நீட்டி விமானத்தை வாங்கிக்கொள்வது என்பதையெல்லாம் நாடகம் போல ஒத்திகை பார்க்க வைக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு எஞ்சின் பாடத்தைவிட இந்தப் பாடம் கஷ்டமாக இருக்கும் என்பது நமது அபிப்பிராயம். இதைக் கற்பிக்கத் தொடங்க வேண்டிய இடம் ஸிமுலேட்டர் அன்று, வீட்டுக் கூடந்தான் என்று சொன்னால் சில தகப்பனார்கள் நம்மைக் கோபித்துக்கொள்ளக்கூடும்.

ஸிமுலேட்டரில் பரீட்சகர் திருப்தியடைந்த பின், பிரயாணிகள் இல்லாத வெறும் விமானத்தில் எழும்பி இறங்கிப் பழக வேண்டும். பிறகு, பிரயாணிகளோடு. இதற்கென்று நியமித்த பயிற்சிக் காப்டன் இடப்பக்கத்தில் இருப்பார். ஆரம்ப நாட்களில் முழுத் தகுதியுள்ள வேறொரு விமானியும் பின்னால் உட்கார்ந்திருப்பார். சில மாதங்கள் இப்படிப் போன பிறகுதான், கடைசிச் சோதனை முடிந்து, பிள்ளையைத் தனி உத்தியோகத்துக்கு விடுவிப்பார்கள்.

பிராந்திய விமானத்தில் கற்பதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பெரிய விமானத்தில் அயல்நாட்டுக்குப் போகிறவன் ஒரு நாளில் ஒரு தரம் இறங்கினால் அதிகம். ஏ.டி.ஆர். ஓட்டுகிறவனுக்கு நாலைந்து தரம் ஏறி இறங்குவது அன்றாட வேலை. வேகத்துக்குத் தக்கபடி எஞ்சின் விசையைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இந்த விமானத்தில் இல்லை. கையால்தான் திருத்த வேண்டும். 25,000 அடிக்கு மேல் அது போகாது. ஆகவே, ஐப்பசி, கார்த்திகை மேகங்களைத் தாண்டிப் பறக்க முடியாமல், அவற்றைச் சுற்றியும் ஊடுருவியும் போக வேண்டும். நேயர்கள் அடுத்த தடவை இந்த விமானத்தில் ஏறும்பொழுது ஒன்றைக் கவனிக்கலாம். ஏறுவது பின்புறக் கதவு வழியாக. அப்பொழுது வலப்பக்கத்து எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும்; விசிறி மட்டும் அசையாமல் நிற்கும். கோளாறு என்று பயப்பட வேண்டாம். விசிறிக்குத் தடை போட்டு, அந்த எஞ்சினையே மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் உபயோகிக்கிறார்கள். இம்மாதிரி நூறு நுணுக்கங்களைப் புதிய துணை விமானி மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

பெண்ணை அனுப்பலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு சேதி. இந்தியன் ஏர்லைன்ஸில் 1985-லேயே ஸௌதாமினி தேஷ்முக் காப்டனாக இருந்து, பெண்களே பணியாற்றிய 'ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப்' விமானத்தைக் கல்கத்தாவிலிருந்து ஸில்சாருக்கு ஓட்டிச் சென்றார். அதுவும் விசிறி வைத்த சிறு விமானந்தான். இன்று நமது நாட்டில் விமானிகளிடையே பெண்களின் விகிதம் உலகச் சராசரியை விட அதிகம்.

சுதேசி அபிமானிகளுக்கும் சிறிது ஆறுதல் உண்டு. ஏ.டி.ஆர். பிரெஞ்சு, இத்தாலியக் கூட்டுச் சரக்கு. ஆயினும் ஹிந்துஸ்தான் ஏரோநாடிக்ஸ் நிறுவனம் கான்பூரில் செய்த பதினேழு ஆசன டார்னியர் விமானத்தை அலையன்ஸ் ஏர் கம்பெனி 2022 ஏப்ரல் 12 அன்று அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்கு விட்டது. ஆனால் பறக்கக் கற்பதற்கு நம் பிள்ளைகளில் பலர் இன்னமும் அமெரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும்தான் போகிறார்கள். அங்கே லைசென்ஸ் வாங்கினாலும், இங்கே டி.ஜி.ஸி.ஏ. நடத்தும் பரீட்சைகளை எழுதித்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தப் பணமெல்லாம் நாட்டிலேயே தங்கும்படி பள்ளிகள் பெருக வேண்டாமா?

பணத்தைப் பற்றி முடிவாகச் சில வார்த்தைகள். லைசென்ஸ் வரையிலான செலவே அரைக் கோடி ரூபாயைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டது. அதன் பின் குறிப்பிட்ட வகை விமானத்துக்கான 'டைப் ரேட்டிங்' பயிற்சிக்கு மேலும் பல லட்சம். கையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு அழைப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பாங்கி வட்டி காத்திருப்பதில்லை. ஆகவே, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், நிலத்தின் பட்டாவைப் பார்ப்பது போல, இந்தப் பத்திரங்களையும் பார்க்க வேண்டும். டைப் ரேட்டிங் செலவு யாருடையது? கம்பெனி கொடுத்தால் எத்தனை வருஷம் கட்டுப்பட்டு வேலை செய்ய வேண்டும். நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? ஸிமுலேட்டரில் ஒரு முறை தவறினால் மறு வாய்ப்பு உண்டா, அதற்குப் பணம் தனியா? பயிற்சி நடக்கும் மாதங்களில் சம்பளம் உண்டா? முதல் வகுப்பு வைத்தியச் சான்று கிடைக்குமா என்பதை மட்டும் எல்லாவற்றுக்கும் முதலில், ஒரு ரூபாய் கட்டுவதற்கும் முன்னால் பார்த்துவிடுவது உத்தமம். கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் அது அப்பொழுதே தெரிந்துவிடும். வேலை கிடைத்த பிறகும் அந்தச் சான்றை விடாமல் புதுப்பித்து வர வேண்டும். ஸிமுலேட்டர்ப் பரீட்சையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை, 65 வயதில் ஓய்வு பெறும் வரையில்.