சூரன் அவைக்குப் போனவன் சூரனாவதில்லை

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் ஆடுகிறவர்களிடையே வேதவாக்காக உலவும் ஒரு தீர்ப்பு உண்டு. நல்லவனாக எழுதப்பட்ட பாத்திரம் நரகத்துப் பிசாசோடு உட்கார்ந்து பேரம் பேசினால், எதற்காகப் பேசினாலும் சரி, ஆட்டத்தை நடத்துபவர் அதன் அலைன்மென்டை, அதாவது பாத்திரத்தின் தாளில் குறிக்கப்படும் ஒழுக்கச் சார்பை, தீமைப் பக்கம் நகர்த்திவிட வேண்டும் என்பதே அது. ஊரைக் காப்பாற்றப் பேசினானா, தன் தோலைக் காப்பாற்றப் பேசினானா என்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. பேசினான், அத்தோடு வழக்கு முடிந்தது. மேல்நாட்டு ஆட்டமொன்றின் உள்விவகாரம்தானே என்று இதை விட்டுவிடலாம். ஆனால் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கும் கொழும்பு ஜிந்துப்பிட்டியில், கந்தசஷ்டிக் கதை தெரிந்த ஒருவர் இந்தத் தீர்ப்பைக் கேட்டுத் தலையாட்டினால் அது விசித்திரம்தான். அந்தக் கதையின் நடுவிலேயே ஒரு பேரம் இருக்கிறது. பேசச் சொன்னவர் முருகன்.

முதலில் விதிப்புத்தகத்தைப் பார்ப்போம். விதியே அப்படித்தான் சொல்கிறது என்பது இத்தீர்ப்பின் முதல் தூண். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதற்பதிப்பில் நன்மை, தீமை என்ற பிரிவு அலைன்மென்டில் இருக்கவில்லை. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்ற மூன்றே இருந்தன. போல் அன்டர்சன், மைக்கல் மூர்கொக் ஆகியோரின் நாவல்களிலிருந்து வந்த பிரிவு அது. போர் மூண்டால் யார் எந்தப் பக்கம் நிற்பார் என்பதையே அது பெரும்பாலும் சொன்னது. நன்மை தீமை பிறகு வந்து சேர்ந்தது. 1978இன் பிளேயர்ஸ் ஹான்ட்புக்கில் ஒன்பது கட்டங்கள் நிலைத்தன. எந்த அணி என்ற பழைய கேள்வியும், எப்படிப்பட்ட ஆள் என்ற புதிய கேள்வியும் ஒரே கட்டத்துக்குள் அடைபட்டது அப்போதுதான். எதிரியின் கூடாரத்துக்குப் போய்வந்தவனை அணி மாறியவனோ என்று சந்தேகிப்பது போர்க்கணக்கில் விளங்கக்கூடியது. அந்தச் சந்தேகத்தை அவனுடைய குணத்தின் மேல் தீர்ப்பாக எழுதிவிடுவது வேறு காரியம்.

மூன்றாம் பதிப்பின் பாலடின் என்ற புனித வீரர் தீயவரோடு தெரிந்தே கூடித் திரியக் கூடாது என்பது உண்மை. அது ஒரு வகுப்பார் தாமாக ஏற்ற விரதம். சஷ்டிக்கு உபவாசம் இருப்பவர் சோறு தொடாததால் பக்கத்து வீட்டுக்காரர் சோறு உண்பது பாவமாகிவிடுவதில்லை. 2002இல் வந்த 'புக் ஒஃப் வைல் டார்க்னஸ்' ஒன்றுதான் எதிர்த்தரப்புக்கு உண்மையாகவே கைகொடுக்கிறது. பிசாசுகளோடு உறவாடுவதைத் தீச்செயல்களில் ஒன்றாக அது எண்ணுகிறது. பிசாசொன்றை உயிரோடு விட்டுவைப்பதே தீமை என்ற அளவுக்கும் போகிறது. ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்து அதே வெளியீட்டாளர் கொண்டுவந்த நரக நூலில், பிசாசோடான ஒப்பந்தங்களின் கறை தனிக் கணக்காக எழுதப்படுகிறது. அலைன்மென்ட் நன்மையிலேயே நின்றாலும் அந்தக் கணக்கு ஏறினால் செத்த பிறகு நரகம். அதாவது பற்றுச்சீட்டு வேறு, குணம் வேறு என்று விதியெழுதியவர்களே பிரித்துவிட்டார்கள். 2014இன் ஐந்தாம் பதிப்பு இன்னும் வெளிப்படை: பிசாசோடு ஒப்பந்தம் செய்து சக்தி பெறும் வார்லொக், அந்தப் பிசாசின் நோக்கங்களை எதிர்த்தே போராடுகிறவராக இருக்கலாம் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆக, விதி சொல்கிறது என்பவர்கள் எந்த ஆண்டின் விதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

விதியை விட்டால் அவர்கள் பிடிப்பது அங்கீகாரம் என்ற வாதத்தை. தீயவனைப் பேசத் தகுந்தவனாக நடத்துவதே அவனுக்குப் பலம் சேர்க்கிறது, ஆகவே பேச்சே குற்றம் என்கிறார்கள். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் மகேந்திர காண்டத்தை இங்கே திறக்க வேண்டும். சூரபன்மன் தேவர்களை மீன் சுமக்க வைத்தவன், இந்திரன் மகன் சயந்தனைச் சிறையில் போட்டவன். அவனுடைய தீமையில் ஐயத்துக்கு இடமில்லை. படை திரண்டு நிற்கிறது, வேல் கையில் இருக்கிறது. அப்போதும் முருகனின் தளபதி வீரவாகு தூது போகிறார். கடல் கடந்து வீரமகேந்திரபுரிக்குள் நுழைந்து, சிறையிலிருக்கும் சயந்தனுக்கு முதலில் ஆறுதல் சொல்லி, பிறகு அவைக்குப் போகிறார். அங்கே அவர் கைகட்டி நிற்கவில்லை. முருகன் அருளால் வந்த ஆசனத்தில் சூரனுக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறார். தேவர்களை விடு, பிழைத்துக்கொள் என்பதே செய்தி. தூது வேறு, பேரம் வேறு என்று ஒருவர் இடைமறிக்கலாம். அந்தச் செய்தியின் மற்றப் பாதியை அவர் கவனிக்கட்டும். இத்தனை கொடுமை செய்தவனின் உயிர் விலையாக வைக்கப்படுகிறது. 2002இன் புத்தகப்படி பிசாசை உயிரோடு விடுவது தீமையென்றால், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட அந்தச் செய்தியும் தீமைதான். பேச்சு தோற்றதென்பது எல்லோருக்கும் தெரியும். தோற்றதனால் வீரவாகுவின் குணத்தில் ஏதாவது குறைந்ததா? பேசியதையே குற்றமாக்கும் இந்தப் பழக்கம் நம் இலங்கை அரசியலிலும் உண்டு. 1985இல் திம்புவுக்கும் 2002இல் ஒஸ்லோவுக்கும் சமாதானப் பேச்சுக்குப் போனவர்கள் என்ன பேசினார்கள் என்பதைவிட, யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதையே தமிழிலும் சிங்களத்திலும் பலர் குற்றப்பத்திரிகையாக எழுதினார்கள். ஆட்டமேசையில் வரும் தீர்ப்பு அதே சோம்பலின் சின்ன வடிவம்.

கந்தபுராணத்தை நன்றாகப் படித்த எதிராளி இந்த இடத்தில் சும்மா இருக்கமாட்டார். அவரிடம் நல்ல சீட்டு ஒன்று இருக்கிறது: தக்க காண்டம். சிவனுக்கு அவிர்ப்பாகம் மறுத்துத் தக்கன் நடத்திய வேள்விக்குத் தேவர்கள் போனார்கள். அவர்கள் அங்கே யாரையும் கொல்லவில்லை, எதையும் திருடவில்லை. போய் இருந்தார்கள், அவ்வளவுதான். சூரனிடம் அவர்கள் பட்ட பாட்டுக்கு அந்த இருப்பே காரணமென்று புராணம் முடிச்சுப் போடுகிறது. தீயவன் சபையில் உட்கார்ந்ததற்கே தண்டனை உண்டென்று உங்கள் புராணமே சொல்கிறதே என்று அவர் கேட்டால், அது அலட்சியமாகத் தள்ளக்கூடிய கேள்வியன்று. ஆனால் அதே மண்டபத்துக்குள் ததீசி முனிவரும் வந்தார். தக்கனின் முகத்துக்கு நேரே வாதாடினார். அவன் கேளாதபோது சபித்துவிட்டு வெளியேறினார். வீரபத்திரர் வந்து அந்த வேள்வியை அழித்தபோது அடிபட்டவர்களில் ததீசி இல்லை. கூரை ஒன்று, நடத்துபவன் ஒருவன், ஆனால் முடிவு இரண்டு. தேவர்களை மாட்டிவிட்டது உள்ளே போனதன்று. இன்னொருவருக்குரிய பங்கு பறிக்கப்படுவதைக் கண்டும் தம் பங்கை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருந்ததுதான் அவர்கள் பிழை. எனவே தக்க காண்டம் எதிராளியின் சீட்டாகத் தொடங்கி என் கைக்கு வந்துவிடுகிறது. பேரத்தை எடைபோடும் அளவுகோலையும் அது தருகிறது: இந்தப் பேரத்தில் யாருடைய பங்கு போகிறது?

அந்த அளவுகோலோடு மூன்றாவது வாதத்துக்கு வரலாம். அலைன்மென்டை நகர்த்தாவிட்டால் பிசாசோடு பேசுவதற்கு விலையே இல்லாமல் போகும், ஆட்டம் சப்பென்றாகும் என்கிறார்கள். 2023இல் லேரியன் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இதற்குக் கைமேல் பதில். பாத்திரங்களின் தாளில் அலைன்மென்ட் என்ற கட்டமே அதில் இல்லை. பிசாசுப் பேரங்களோ தாராளம். வில் என்ற இளைஞன் தியாமத் வழிபாட்டாரிடமிருந்து நகரைக் காக்கத் தன் ஆன்மாவை மிஸோரா என்ற பிசாசிடம் ஒப்படைத்தவன். விலை அவனுடையது. உண்மையைச் சொல்ல முடியாமல் தந்தையால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவனும் அவனே. பிறகு ஒரு நாள் கார்லக் என்பவளைக் கொல்லச் சொல்லி மிஸோரா அவனை ஏவுகிறாள். கார்லக் பிசாசில்லை, நரகத்திலிருந்து தப்பி வந்த அப்பாவி என்று தெரிந்ததும் அவன் கையை இறக்கினால், மறுத்ததற்குத் தண்டனையாக நெற்றியில் கொம்பு முளைக்கிறது. பேரத்தின் விளைவு இதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி எப்படி வர முடியும்? அவன் தீயவனாகிவிட்டான் என்று அந்தக் கொம்பைக் காட்டிச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

அதே ஆட்டத்தில் ராபயேல் என்ற இன்னொரு பிசாசு வேறொரு பத்திரத்தை நீட்டுகிறான். ஒர்ஃபிக் சுத்தியல் வேண்டுமென்றால் கார்ஸஸின் கிரீடத்தைத் தனக்குத் தருவதாகக் கையொப்பமிட வேண்டும். நரகங்கள் முழுவதையும் பிடிக்க அவன் தேடும் கருவி அது. கையொப்பமிடுகிறவர் தன் ஆன்மாவைக் கொடுப்பதில்லை. தனக்குச் சொந்தமில்லாத ஒரு பேராயுதத்தைக் கொடுக்கிறார், அதன் கீழ் நசுங்கப் போகிறவர்களைக் கேளாமலே. பழைய தீர்ப்பின்படி வில்லும் இவரும் ஒரே குற்றவாளிகள், இருவரும் பிசாசோடு பேசியவர்கள். அந்தத் தீர்ப்பு எவ்வளவு மொட்டையானது என்பதற்கு இந்த ஒரு சோடியே போதும். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கையொப்பமிட மறுப்பவர் சுத்தியலைப் பெற ராபயேலின் வீட்டுக்குள் புகுந்து திருட வேண்டும். பேச்சு பாவம், திருட்டு பரவாயில்லை என்று ஆட்டக்காரர்கள் சமாதானப்பட்டுக்கொள்வது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

நல்ல எண்ணத்தோடு கையொப்பமிட்டால் எதுவும் மன்னிக்கப்படும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்ணன் அதற்குத் தடை. அரங்கில் சாதி கேட்டு அவமதிக்கப்பட்டபோது துரியோதனன் நீட்டிய அங்கநாட்டை அவன் ஏற்றான். அந்தக் கணத்திலேயே அவன் கெட்டான் என்று எந்தக் கூத்துக்காரனும் ஆடுவதில்லை. நம் சனம் கர்ணனுக்காக அழுதே பழகியது. வியாசர் பாரதத்தில் அவனைத் தாழ்த்துவது சூதாட்ட மண்டபம். நன்றிக்கடனின் தவணையாக அங்கே திரௌபதியின் மானம் கேட்கப்பட்டபோது அவன் தடுக்கவில்லை. தன் வாயாலேயே அவளை இழிவாகப் பேசினான். நாடு வாங்கிய நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் எத்தனையோ ஆண்டுகள். அலைன்மென்ட் நகர வேண்டிய இடம் இரண்டாவது நாள். சூரனின் தம்பி சிங்கமுகனையும் இதே கண்ணோடு பார்க்கலாம். தேவர்களை விட்டுவிடு என்று அண்ணனுக்கு அவையிலேயே புத்தி சொன்னவன், கடைசியில் அண்ணனுக்காகவே படை நடத்தினான். சொன்னதற்கு ஒரு மதிப்பு, செய்ததற்கு ஒரு மதிப்பு. ஒன்பது கட்டங்களில் ஒன்றுக்குள் அவனை ஒரேயடியாக அடைப்பது கடினம். ஆனாலும் எந்த நாளில் எந்தப் பக்கம் சாய்ந்தான் என்பதை எழுதிவைக்க முடியும்.

மிஞ்சுவது நடைமுறைச் சிக்கல். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் காத்திருக்க, இவ்வளவு விசாரணைக்கு நேரமேது, ஒரே வரி விதிதான் வசதி என்று ஆட்டம் நடத்துபவர்கள் முறையிடுவார்கள். வசதி என்பதை மறுக்க முடியாது. ஆனால் வேலை அவர்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதில்லை. பிசாசு பத்திரத்தை நீட்டும்போது, அடகு வைக்கப்படுவது யாருடையது என்று ஒரு வரி குறித்துக்கொண்டால் போதும். தன் ஆன்மா, தன் ஆயுள், தன் பெயர் என்றிருந்தால் அலைன்மென்ட் பக்கமே போக வேண்டியதில்லை. அயல் கிராமத்தின் கிணறோ, தோழன் ஒருவனின் உயிரோ என்றிருந்தால் பென்சிலை அப்போதே எடுக்கலாம். மற்றதெல்லாம் தவணை நாளுக்கு உரியது. பிசாசு திரும்பி வந்து கணக்குக் கேட்கும் அந்த அமர்வை மட்டும் ஆட்டம் நடத்துபவர் மறக்காமல் வைக்க வேண்டும். பாதிப் பேர் அதை வைப்பதேயில்லை. பத்திரம் எழுதிய அன்றே தண்டனையையும் எழுதிவிட்டதால், அந்த நாளுக்கு அவர்களிடம் கதை மிச்சமிருப்பதில்லை.